இனி எதற்குப் பாஸ்போர்ட்? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. விஷயம் சின்னதுதான், சிரிக்கக்கூடாது.

எனக்கு 74 வயது. என் பாஸ்போர்ட் இன்னும் ஏழு மாதத்தில் காலாவதியாகிறது. மகள் வெளிநாட்டில் குடும்பத்தோடு இருக்கிறாள். நானும் மனைவியும் மூன்று முறை போய் வந்திருக்கிறோம். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு நான் எங்கும் போகவில்லை, போகும் எண்ணமும் இல்லை. முழங்கால் வலி. இரவில் மூன்று முறை எழுந்திருக்க வேண்டும். விமானத்தில் ஒன்பது மணி நேரம் உட்கார்வதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது.

போன வாரம் மகளிடம் இதைச் சொன்னேன். "சரிப்பா, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டாள். மகன்தான், "புதுப்பிச்சு வையுங்க, சும்மா இருக்கட்டும்" என்கிறான். சும்மா இருப்பதற்கு எதற்குப் பத்து வருட பாஸ்போர்ட்? 84 வயது வரை செல்லும் என்று அச்சடித்த ஒன்றை வாங்கி வைப்பது எனக்கே கொஞ்சம் பேராசையாகப் படுகிறது. விரல் ரேகையும் தேய்ந்துவிட்டது. என் கைபேசிக்கே என் விரலை அடையாளம் தெரிவதில்லை.

இந்த வயதில் புதுப்பிப்பது வீண் செலவுதானே? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆர்.

பி.கு.: புதுப்பித்தால் பழைய பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவார்களா?

*

அன்புள்ள ஆர்.,

சிரிக்கவில்லை. எனக்கு 69. இரண்டு வருடம் முன்பு நானும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தவன்தான்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுப்பியுங்கள், அதுவும் இந்த மாதமே. நீங்கள் பயணம் போக வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. போகமாட்டேன் என்கிறீர்கள், உங்கள் முழங்காலைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் போவேனா என்ற கேள்வியையும் போக முடியுமா என்ற கேள்வியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். முதல் கேள்விக்கு இன்று இல்லை என்று சொல்லிவிட்டு நாளைக் காலை மாற்றிக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டாவதைக் கைவிட்டால் மனம் மாறுகிற நாளில் படிவம், புகைப்படம், காத்திருப்பு என்று வாரக்கணக்கில் போய்விடும். நம் வயதில் பயணம் திட்டம் போட்டுக்கொண்டு வருவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தொலைபேசியில் வருகிறது.

எனக்கு அப்படித்தான் வந்தது. எட்டு வருடம் முன்பு, வெளிநாட்டில் இருந்த அக்காவுக்கு அவசரமாக இதய அறுவை சிகிச்சை. என்னிடம் விசா இருந்தது. பாஸ்போர்ட்டில் நான்கு மாதமும் சில நாட்களும் பாக்கி இருந்தன. காலாவதி ஆகவில்லையே என்ற தைரியத்தில் பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போய்விட்டேன். செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் தேதியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு மேலாளரை அழைத்தார். அந்த நாட்டுக்குள் நுழையும் அன்று பாஸ்போர்ட்டுக்கு ஆறு மாதமாவது ஆயுள் இருக்கவேண்டும் என்பது விதி. எனக்கு அது தெரியாது. அவர்கள் மீதும் தப்பில்லை. விதிக்குப் பொருந்தாத ஒருவரை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனமே திருப்பிக் கொண்டுவர வேண்டும், அபராதமும் கட்டவேண்டி வரலாம். அதனால்தான் அந்த வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அவசர விண்ணப்பம் போட்டுப் புதியது கைக்கு வர பதினொரு நாள் ஆயிற்று. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டியா, எல்லாம் முடிஞ்சப்புறம்?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். இருந்தாலும் அந்தக் கேள்வியை இன்றுவரை என்னால் சிரிப்பாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அதனால் உங்கள் ஏழு மாதத்தை நான் ஒரு மாதம் என்றுதான் படிக்கிறேன். இந்த ஆறு மாத விதி உலகம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் பல நாடுகளில் இருக்கிறது, நடுவில் விமானம் மாறும் நாட்டிலும் கேட்கக்கூடும். தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு வேறு கணக்கு. அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதம் பாக்கி இருக்கவேண்டும், பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்கவேண்டும். ஆறு மாதம் கேட்கும் நாடுகளுக்கு என்றால், அட்டையில் பத்து வருடம் என்று போட்டிருப்பதில் நடைமுறையில் கையில் நிற்பது ஒன்பதரைதான்.

காலாவதியானபின் தேவை வந்தால் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு வாதம் உண்டு. சிறிய இடைவெளி என்றால் பெரும்பாலும் சிக்கல் இல்லை. அதிகம் தள்ளிப்போனால் பல நாடுகளில் அதைப் புதுப்பித்தலாகவே எடுத்துக்கொள்வதில்லை. உதாரணத்துக்கு அமெரிக்காவில், பழையதை வழங்கி 15 ஆண்டு தாண்டிவிட்டால் முதல் தடவை வாங்குகிறவர் மாதிரி நேரில் போய் எல்லாச் சான்றுகளையும் காட்டவேண்டும். பிறப்புச் சான்று எங்கே, மணச் சான்று எங்கே என்று 80 வயதில் பீரோவைக் குடைவதைவிட, கையில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருக்கும்போதே அதைக் காட்டி அடுத்ததை வாங்குவது சுலபம்.

சரி, பேராசைக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டாம் முறை படித்த வரி அது. அந்தப் பத்து வருடம் உங்களுக்குக் கொடுத்த கணக்கு இல்லை. தாளும் அட்டையும் உள்ளே பதித்த மின்னணுச் சிப்பும் எவ்வளவு நாள் தாங்கும், ஒருவரின் முகம் எவ்வளவு நாள் படத்தோடு ஒத்துப்போகும், கள்ளப் பாஸ்போர்ட் அடிப்பவர்களைவிட அரசு எத்தனை நாள் முந்திப் போகமுடியும் என்று பார்த்துப் போட்ட கணக்கு. 24 வயதுப் பையனுக்கும் அதே பத்துதான் போடுகிறார்கள், அவன் 34 வரை இருப்பான் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தருவதில்லை. புதுச் செருப்பு வாங்கும்போது இது என்னைவிட அதிக நாள் உழைக்குமோ என்று யோசிக்கிறோமா? தேதி அச்சடித்திருப்பதால்தான் இது உறுத்துகிறது.

பாஸ்போர்ட் என்ற அந்தக் கையேட்டுக்கு நாம் கொஞ்சம் அதிக மரியாதை கொடுத்துவிட்டோம் என்றும் எனக்குத் தோன்றும். முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவில் பல எல்லைகளைப் பாஸ்போர்ட் இல்லாமலேயே கடந்து போனார்கள். போர் சமயத்தில் சந்தேகத்தால் வந்த கெடுபிடி பிறகு நிலைத்துவிட்டது. 1920-இல் பாரிஸில், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேசச் சங்கம் கூட்டிய மாநாட்டில் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று 32 பக்கக் கையேட்டைப் பரிந்துரைத்தார்கள். நம் கையில் இருப்பது அதன் வாரிசு. வாழ்க்கையில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று அதைப் பார்த்துக் கணக்கிட வேண்டியதில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. படம் இருக்கும் பக்கத்தின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி இருக்கும், வரிக்கு 44 எழுத்து. அதில் பிறந்த வருடத்துக்கு இரண்டே இலக்கம்தான். அதை மட்டும் பார்த்தால் 101 வயதுக்காரரும் ஒரு வயதுக் குழந்தையும் ஒன்றுதான். அதை வடிவமைத்தவர்கள் அந்த வயதில் ஆள் கிளம்பி வருவார் என்று நினைக்கவில்லை போலிருக்கிறது. பிரிட்டனில் 1929 செப்டம்பர் 2 அன்றோ அதற்கு முன்போ பிறந்த குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் இலவசம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது 16 வயதை எட்டியிருந்தவர்கள் என்பது கணக்கு. அந்தத் தலைமுறைக்கு இப்போது 95-க்கு மேல். இவர்களுக்கு நடுவில் 74 ஒரு வயதா?

விரல் ரேகை கவலை நியாயமானது. வயதாக ஆகத் தோல் மெலிந்து, வறண்டு, ரேகையின் மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது. கையால் வேலை செய்து பழகியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஆனால் சிப் பாஸ்போர்ட்டுக்கான சர்வதேச விதிப்படி கட்டாயம் முகப்படம் மட்டும்தான், ரேகை அந்தந்த நாட்டின் விருப்பம். ரேகை எடுக்கும் நாடாக இருந்தால், சில நாள் முன்பிருந்தே கைக்குக் களிம்பு தடவி வாருங்கள். அன்று காலை மட்டும் வேண்டாம், விரல் வழுக்கும். அப்படியும் பதியவில்லை என்றால் அதை ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். உங்களுக்கு முன்னால் அவர் நூறு பேரைப் பார்த்திருப்பார். புகைப்படத்துக்கு வாயை மூடிக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்காரவேண்டும். பல இடங்களில் கண்ணாடியையும் கழற்றச் சொல்வார்கள். சிரிக்கக்கூடாது என்று நீங்கள் எனக்குச் சொன்னதை அங்கே உங்களுக்குச் சொல்வார்கள்.

ஒன்பது மணி நேரப் பயணம், அந்த வயதில் எகிறும் பயணக் காப்பீட்டுத் தொகை, நடக்க வேண்டிய நீண்ட தாழ்வாரங்கள், எல்லாம் உண்மைதான். ஆனால் அவை பயணத்துக்கு எதிரான காரணங்கள். பயணம் என்று ஒன்று வரும்போது அவற்றைப் பார்க்கலாம். சக்கர நாற்காலி கேட்க வெட்கப்படாதீர்கள் என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் போதும். நடக்கத் தெரிந்தவர்களும் கேட்கலாம், தூரம் நடக்க முடியாதவர்களுக்கென்றே தனி வகை வைத்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இதே பதிலை நான் சொல்லமாட்டேன். என் அம்மாவின் பாஸ்போர்ட் அவருடைய 86-ஆவது வயதில் முடிந்தது. அப்போது அவருக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது. வெளிச்சமான ஓர் அறையில் தெரியாத ஒருவர் கையைப் பிடித்து இயந்திரத்தில் வைத்தால் பயந்து அழுதுவிடுவார். வேறு அடையாள அட்டை இருந்தது, விமானம் ஏற்ற முடியாது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். புதுப்பிக்கவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உடம்போ மனமோ பயணத்துக்கு வராது என்பது தெளிவாகத் தெரியும்போது விட்டுவிடுவதுதான் சரி. கட்டணம் கட்டினால் அந்த மாதம் மருந்துக்கு இழுக்கும் என்றாலும் அப்படித்தான். உங்கள் கடிதத்தில் இரண்டும் தென்படவில்லை. அலுப்புதான் தெரிகிறது, அதற்கு அடியில் இன்னொன்றும்.

மகள் பேச்சைத் திருப்பினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதும் அளவுக்கு அதைக் கவனித்திருக்கிறீர்கள். நீங்கள் ஒரு கையேட்டைப் பற்றித்தான் பேசினீர்கள். அவள் காதில் விழுந்தது, அப்பா இனி என் வீட்டுக்கு வரமாட்டார் என்பது. அம்மா போன பிறகு அதைக் கேட்கிற மகள் வேறு என்ன சொல்வாள்? "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்வாள். என் மகளும் இப்படித்தான், சண்டை போட்டால் பிரச்சினை இல்லை, சரி என்று சொல்லிவிட்டால்தான் பயம். மகன் சொல்லும் 'சும்மா இருக்கட்டும்' கூட அவ்வளவு சும்மா இல்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக, உங்கள் பின்குறிப்பு. கடிதமே அதற்காகத்தான் எழுதப்பட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். மூன்று பயணங்களின் முத்திரைகளும் அந்தப் பழையதில்தானே இருக்கின்றன, இருவரும் அடுத்தடுத்து நின்று வாங்கியவை?

பெரும்பாலான நாடுகளில் திருப்பித் தருகிறார்கள். ஓர் ஓரத்தை வெட்டியோ, துளை போட்டோ, ரத்து முத்திரை குத்தியோ தருவார்கள். பார்க்கக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும். விண்ணப்பம் கொடுக்கும்போதே திருப்பித் தரவேண்டும் என்று கேட்டுவிடுங்கள். அதில் இன்னும் காலம் முடியாத விசா இருந்தால் அதையும் காட்டுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவைப் புதியதோடு சேர்த்துக் காட்டினால் ஏற்கும் நாடுகள் உண்டு, விசா பக்கம் சேதமாகாமல் இருக்கவேண்டும். கொடுப்பதற்கு முன்பு வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியின் பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. இறந்தவருடையதை ஒப்படைத்து ரத்து செய்யச் சொல்வது பல நாடுகளில் வழக்கம், வேறு யார் கையிலும் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக. நினைவுக்கு வேண்டும் என்று கேட்டால் ரத்து செய்து திருப்பித் தருவதும் உண்டு. இன்னும் செய்யவில்லை என்றால் உங்களுடையதற்குப் போகும்போதே அதையும் எடுத்துப் போய் விசாரியுங்கள். அதையும் முதலில் படம் எடுத்துவிடுங்கள். முத்திரை மை நிற்காது. என் முதல் பாஸ்போர்ட்டை ஜன்னல் ஓரம் சாய்த்துப் பிடித்தால்தான் இப்போது தேதி தெரிகிறது, மாதம் மார்ச்சா மேயா என்று எனக்கும் மனைவிக்கும் இன்னும் தகராறு.

அன்புடன்.