ராப் புரத ஆய்வில் சேர்ந்தால் வேலை கிடைக்குமா?

ராப் என்பது செல்லுக்குள் சரக்குப் பைகளை உரிய இடத்துக்கு அனுப்பும் சிறு புரதங்களின் குடும்பம். அதில் ஆய்வு செய்தால் வேலை கிடைக்குமா என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் நாளை வேலை கொடுப்பவர் ‘ராப்’ என்ற பெயரைப் பார்க்கமாட்டார், உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்றுதான் கேட்பார். புரதத்தைச் சுத்திகரிப்பது, உயிருள்ள செல்லை கான்ஃபோகல் நுண்ணோக்கியில் (ஒளிரும் மாதிரியை அடுக்கடுக்காகத் தெளிவாகக் காட்டும் கருவி) படமெடுப்பது, அந்தப் படங்களை அளந்து எண்ணாக்குவது ஆகிய மூன்றையும் இந்த ஒரு துறை சேர்த்தே கற்றுத்தருகிறது. மருந்து ஆய்விலும் இவைதான் தேவை.

அடிப்படையை உறுதியாக்கிக்கொண்டு போங்கள். மனித செல்லில் 60-க்கும் மேற்பட்ட ராப் புரதங்கள் உள்ளன. குவானோசினோடு மூன்று பாஸ்பேட் சேர்ந்த மூலக்கூறைப் (GTP) பிடித்திருந்தால் புரதம் இயங்கும். இரண்டு பாஸ்பேட் (GDP) என்றால் ஓய்வு. (தமிழில் சுருக்கி எழுதினால் இரண்டும் ‘ஜிடிபி’ ஆகிவிடும். எண்ணைச் சொல்லியே பழகுங்கள்.) ராப்5 தொடக்க நிலை எண்டோசோமில் (செல் வெளியிலிருந்து உள்ளிழுத்தவற்றைப் பிரித்தனுப்பும் சவ்வுப் பை), ராப்7 பிந்தைய நிலையில், ராப்11 மறுசுழற்சிப் பாதையில் இருக்கும்.

புதிதாக வருபவர்கள் அதிகம் இடறும் இடம் ஒளிரும் புரதத்தை ஒட்டவைப்பது. ராப்பின் சி-முனையிலுள்ள (புரதச் சங்கிலியின் கடைசி முனை) சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களில்தான் கொழுப்பு வால் சேர்கிறது. சவ்வில் அது ஒட்டுவது அந்த வாலால். அங்கே பச்சை ஒளிர் புரதத்தை இணைத்தால் வால் சேராது, செல் முழுக்க மங்கலான பச்சைதான் தெரியும். சங்கிலியின் தொடக்கமான என்-முனையில் இணையுங்கள். அளவுக்கு மீறிச் செல்லில் உற்பத்தி செய்தாலும் சிக்கல்தான்: ராப்5-இன் 79-ஆம் அமினோ அமிலமான குளுட்டமினை லியூசினாக்கிய, எப்போதும் இயங்கும் வடிவம் எண்டோசோம்களை ஊதிப் பெரிதாக்கும். அதை இயல்பு என்று எழுதிவிடக் கூடாது. 34-ஆம் செரினை அஸ்பரஜினாக்கிய, இயங்காத வடிவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பாக்டீரியாவில் தயாரித்த ராப்பில் அந்த வால் இருக்காது. பிணைப்புச் சோதனைக்குப் போதும், சவ்வுச் சோதனைக்குப் போதாது. மக்னீசியமும் முக்கியம். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ (EDTA) சேர்த்து அதை அகற்றினால் பழைய நியூக்ளியோடைடு (புரதம் பிடித்திருக்கும் GTP அல்லது GDP) கழன்றுவிடும். புதியதை மிகையாகக் கொடுத்தபின், ஈடிடிஏவைவிடக் கூடுதலாக மக்னீசியம் குளோரைடு சேர்த்தால்தான் அது உள்ளே நிலைக்கும்.

மருத்துவத் தொடர்பைப் பெற்றோருக்கு விளக்க ஒரே எடுத்துக்காட்டு போதும்: ராப்27ஏ மரபணு பழுதானால் கிரிசெல்லி நோய்க்குறி என்ற பரம்பரை நோயின் இரண்டாம் வகை வரும். முடி வெள்ளி நிறமாகும், நோய் எதிர்ப்பும் குலையும்.

சேரும் முன் வழிகாட்டியிடம் இவற்றைக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மணி நேரம் நுண்ணோக்கி கிடைக்கும்? படப் பகுப்பாய்வை யார் சொல்லித்தருவார்? முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? மூன்றாவதற்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு ஆய்வகத்தையும் பாருங்கள்.