தெருமுனைக் குப்பைமேடு: யாரிடம் போய்ச் சொல்வது?

வில்லிவாக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் தெருமுனையில் ஒரு காலி மனை. ராத்திரியில் மினி லாரியில் வந்து கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறார்கள். அதன் மேல் வீட்டுக் குப்பையும் சேர்கிறது. பக்கத்திலேயே கழிவுநீர் மூடி பொங்குகிறது. தினமும் பெருக்க வரும் அம்மாவிடம் சொல்லியும் பயனில்லை. கொட்டுகிறவர்களுக்கு அபராதம் போட யாருக்கு அதிகாரம்?"

முதலில், பெருக்க வரும் அம்மாவை விட்டுவிடுங்கள். அபராதம் போடவோ, லாரியை மடக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. எல்லாரும் அவரிடம் கத்துவதால், அவர் செய்யாத தப்புக்கு அவர்தான் திட்டு வாங்குகிறார்.

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள். ஒவ்வொரு வார்டிலும் வேலை பிரிந்து கிடக்கிறது. குப்பை அள்ளுவது திடக்கழிவுப் பிரிவு. அதைக் களத்தில் பார்ப்பவர் கன்சர்வன்சி இன்ஸ்பெக்டர். கொசு, தொற்று நோய் எல்லாம் சுகாதாரப் பிரிவு. அங்கே சானிட்டரி இன்ஸ்பெக்டர். சாலைப் பள்ளம், மழைநீர் வடிகால் உதவிப் பொறியாளர் பொறுப்பு. கழிவுநீர் மூடி மாநகராட்சி வேலையே இல்லை, அது குடிநீர் வாரியம். அதற்கு வாரியத்தின் 1916 தொலைபேசி எண்ணில் தனியாகப் புகார் செய்யுங்கள். இரண்டையும் ஒரே புகாரில் எழுதினால், இது எங்களுடையது இல்லை என்று முழுவதையும் மூடிவிடுவார்கள்.

இப்போது குப்பைமேடு. மாநகராட்சியின் 1913 எண்ணுக்கு அழைக்கலாம், அதன் 'நம்ம சென்னை' செயலியிலும் போடலாம். எதுவானாலும் புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாரைப் பின்தொடரவே முடியாது. படம் எடுக்கும்போது குப்பையை மட்டும் நெருக்கி எடுக்காதீர்கள். மின்கம்பத்தின் எண்ணோ, எதிர்க்கடையின் பெயர்ப்பலகையோ சேர்ந்து தெரியட்டும். களத்துக்கு வருபவர் இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க அதுதான் உதவும். இடம் தெரியவில்லை என்று புகாரை முடித்துவைக்கவும் வழியிருக்காது.

அபராதம் போட யார் கொட்டினார் என்று தெரிய வேண்டும். ஜன்னலிலிருந்து வண்டி எண் தெரிகிற மாதிரி ஒரு படம், தேதியும் நேரமும் குறித்து, கன்சர்வன்சி இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தால் போதும். ராத்திரியில் இறங்கிப் போய் வண்டிக்காரரோடு வாக்குவாதம் வேண்டவே வேண்டாம். பக்கத்தில் எங்காவது வீடு இடிக்கிறார்களா என்றும் பாருங்கள். இடிபாட்டை முறையாக அப்புறப்படுத்துவது அதை உண்டாக்கியவரின் பொறுப்பு. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இதற்கென்றே மறுசுழற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் வண்டிக்காசை மிச்சம் பிடிக்கத்தான் காலி மனையைத் தேடுகிறார்கள்.

மனை தனியாருடையதா என்பதையும் விசாரியுங்கள். பலரும் இதை யோசிப்பதில்லை. தனியார் மனை என்றால் சுத்தமாக வைக்கச் சொல்லி உரிமையாளருக்கு நோட்டீஸ் போக வேண்டும். மாநகராட்சி ஒரு தடவை அள்ளிவிட்டுப் போனாலும், வேலி போடாதவரை அடுத்த வாரமே மேடு மறுபடி வளரும். ஆகவே "அள்ளுங்கள்" என்று மட்டும் கேட்காமல், "உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுங்கள்" என்று சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று. இடிபாட்டில் உடைந்த சிமெண்ட் தொட்டி, பெயின்ட் டப்பா கிடந்து மழைநீர் தேங்குகிறதா? அப்படியானால் அது கொசு விவகாரமும்கூட. டார்ச் லைட்டோடு உங்கள் வீட்டுச் சம்ப்பைத் திறந்து கொசுப்புழு பார்க்க வருகிறாரே, அந்தப் பணியாளரைக் கையோடு கூட்டிப்போய்க் காட்டுங்கள். அவர் சொன்னால் விஷயம் சுகாதாரப் பிரிவுக்குப் போகும். இரண்டு பிரிவு பார்க்கும்போது வேலை சீக்கிரம் நகரும்.

வேலை நடக்காமலே "முடிந்தது" என்று குறுஞ்செய்தி வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அதே இடத்தை அன்றைய தேதியில் மறுபடி படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் மண்டல அலுவலகத்தில் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். கவுன்சிலருக்கும் ஒரு நகல். 2022-இல் வந்த விதிகளின்படி கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், அதற்குக் கீழே ஏரியா சபைகளும் உண்டு. கூட்டம் எப்போது என்று கேட்டு, தெருக்காரர்கள் நாலு பேராகப் போங்கள்.

அதற்கும் அசையாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள், பதில் வராது. இன்ன எண் புகாருக்காக இடத்தைப் பார்வையிட்ட தேதி என்ன, பார்த்தவர் பதவி என்ன, உரிமையாளருக்கு அனுப்பிய நோட்டீஸின் நகல் தருக என்று கேளுங்கள்.