ஸ்பீட்வே சீசனில் கோப்பை, சேலஞ்ச், தனிநபர்: என்ன வித்தியாசம்?

பிரிட்டனில் ஒரு ஸ்பீட்வே (மண் தடத்தில் நடக்கும் மோட்டார் பைக் பந்தயம்) அணியின் அட்டவணையில் லீக் தவிர இத்தனை வகைப் போட்டிகள் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டம் ஒன்றுதான்: பிரேக்கே இல்லாத 500 சிசி பைக், நாலு பேர், நாலு சுற்று, 3-2-1-0 புள்ளி. மாறுவது கணக்கு.

நாக்-அவுட் கோப்பையில் இரண்டு அணிகளுக்கு இடையே உள்ளூரில் ஒரு போட்டி, வெளியூரில் ஒன்று. இரண்டின் கூட்டுத்தொகைதான் முடிவு. ஒரு போட்டிக்கு 15 ஹீட் (அதாவது 15 ஓட்டம்), ஹீட்டுக்கு 6 என்றால் மொத்தம் 90 புள்ளி. உள்ளூரில் 50-40 என்று ஜெயித்து, வெளியூரில் 39-51 என்று தோற்றால் 89-91, வெளியேற வேண்டியதுதான். அதனால்தான் தோற்கிற இரவிலும் மூன்றாம் இடத்துக்கு அப்படி முட்டி மோதுகிறார்கள்.

சேலஞ்ச் என்பது நட்புப் போட்டி; அதற்கு லீக் புள்ளி கிடையாது. சீசன் தொடக்கத்தில் கை பழக நல்லது, அவ்வளவே.

தனிநபர் பந்தயத்தின் வழக்கமான வடிவம்: 16 பேர், 20 ஹீட், ஆளுக்கு 5. ஒவ்வொருவரும் மற்ற 15 பேரையும் சரியாக ஒருமுறை சந்திப்பார்கள்; அதிகபட்சம் 15 புள்ளி. அவசரப்பட்டு ஸ்டார்ட் டேப்பை (தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடா) இடித்து ஒரு ஹீட்டை இழந்தால், ஈடுகட்ட இங்கே அணித்தோழர் இல்லை.