பாமினியில் வந்த பந்திகளும் சரிந்து கிடக்கும் படங்களும்: இணைய வடிவமைப்பாளர் கேள்வி–பதில்

கேள்வி: ஒரு விடுதிக்கு இணையத்தளம் செய்கிறேன். உரிமையாளர் தமிழ்ப் பந்திகளை வேர்ட் கோப்பில் பாமினி எழுத்துருவில் தந்திருக்கிறார். தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. பாமினியையே தளத்தில் ஏற்றிவிடலாமா?
– வாசகர், உப்புவெளி

பதில்: ஏற்றவே வேண்டாம். பாமினியில் தட்டச்சிட்ட கோப்புக்குள் தமிழே இல்லை. ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் கிடக்கிறது. அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. தளத்தில் ஏற்றினால் பார்வைக்குச் சரியாக இருக்கும். ஆனால் ‘திருகோணமலை விடுதி’ என்று கூகுளில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளை ஒப்புவிக்கும். முகவரியைப் பிரதி செய்து வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அதே கதிதான். எல்லாவற்றையும், தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக்குறிகள் உள்ள யுனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும்.

பாமினி–யுனிகோட் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிக்கல் வருவது கலப்பு உரையில். மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலப் பெயர்கள் எல்லாவற்றையும் அந்த மாற்றி, பாமினி என்றே நினைத்து உருத்தெரியாமல் ஆக்கிவிடும். அதனால் கோப்பை, வேர்ட் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஒபிஸ் ரைட்டரில் திறந்து, கன்ட்ரோல்–எச் அழுத்துங்கள். தேடும் பெட்டியில் சொல் எதுவும் இடாமல், ‘ஃபோர்மட்’ பொத்தானில் பாமினி எழுத்துருவைத் தெரிந்து ‘ஃபைண்ட் ஓல்’ கொடுத்தால் பாமினியில் உள்ள பகுதிகள் மட்டும் தெரிவாகும். அவற்றுக்கு மஞ்சள் பின்னணி இட்டுவிட்டு, மஞ்சள் பகுதிகளை மட்டும் பந்தி பந்தியாக மாற்றுங்கள்.

மாற்றியபின் கொம்புகளைப் பாருங்கள். பாமினியில் ‘கெ’ எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம். யுனிகோடில் ககரம் முதலில், கொம்பு பிறகு. தரமில்லாத மாற்றி இந்த வரிசையைத் திருப்பாமல் விட்டுவிடும். சொல்லின் தொடக்கத்தில் நேர்ந்த பிழை புள்ளிவட்டத்தோடு தெரிவதால் உடனே கண்ணில் படும். நடுவில் நேர்ந்த பிழையோ முந்திய எழுத்தோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். ஆகவே ஒருமுறை வாய்விட்டு வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ‘ஔ’ என்ற ஒரே எழுத்து ‘ஒ’வும் ‘ள’வுமாக இரண்டாகிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மூன்றும் நல்லவை. மூன்றுமே திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் உங்கள் சேர்வரிலேயே வைத்துக்கொள்ளலாம். சிங்களமும் வேண்டிய தளம் என்றால் நோட்டோதான் என் தெரிவு, அதன் சிங்கள எழுத்துரு தமிழோடு இணங்கி நிற்கும். 400 (சாதாரணம்), 700 (தடிப்பு) என இரண்டு தடிப்புகளையும் ஏற்றுங்கள். 400 மட்டும் இருந்தால் தலைப்புகளை உலாவி தானாகத் தடிப்பாக்கும், ண, ழ, ஞ போன்றவற்றின் உட்சுழிகள் அடைபட்டுப் போகும். வரி உயரம் பந்திக்கு 1.6, தலைப்புக்கு 1.4 அளவில் இருக்கட்டும். ஆங்கிலத் தலைப்புக்கு வைக்கும் 1.1 தமிழுக்கு ஆகாது: மேல்வரியின் ‘கூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டிக்கொள்ளும்.

கேள்வி: விடுதி அறைகள், கடற்கரை என்று கைபேசியில் எடுத்த படங்களை ஏற்றினால் பக்கம் திறக்க வெகுநேரம் ஆகிறது. சுருக்கிப் பார்த்தேன், சில படங்கள் பக்கவாட்டில் சரிந்துவிட்டன. ஏன்?
– வாசகர், நிலாவெளி

பதில்: கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் பல கைபேசிகள் படத்தைக் கிடையாகவே சேமித்து, ‘இதைத் திருப்பிக் காட்டு’ என்றொரு குறிப்பை, படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் எக்ஸிஃப் தகவலில் எழுதிவைக்கும். சில சுருக்கும் மென்பொருள்கள் அந்தக் குறிப்பை வீசிவிடுகின்றன, படம் சரிகிறது. படத்தை வெப்பி என்ற சிறிய கோப்பு வடிவுக்கு மாற்றும் சீ–வெப்பி கட்டளையும் அப்படித்தான்: வேறு சொல்லாவிட்டால் எக்ஸிஃபை விட்டுவிடும். எனவே முதலில், கட்டளைகளால் படம் திருத்தும் இமேஜ்மேஜிக்கில் ‘ஓட்டோ–ஓரியன்ட்’ கொடுத்துப் படத்தை உண்மையாகவே திருப்பிவிட்டு, அதன் பிறகே சுருக்குங்கள். ஒன்றிரண்டு படங்களுக்கு ஜிம்ப் என்ற படத்திருத்தி போதும், திறக்கும்போதே திருப்பவா என்று கேட்கும். மூலப் படங்களை வேறு கோப்புறையில் தொடாமல் வையுங்கள்.

பக்கத்தின் உச்சியில் வரும் பெரிய படத்துக்கு 1600 பிக்சல் அகலம், அறைப் படங்களுக்கு 800. வெப்பி வடிவில் தரம் 75 கொடுங்கள். மணலும் அலையும் நிறைந்த நிலாவெளிப் படங்கள் அதே அளவில் வெற்றுச் சுவர்ப் படத்தைவிடக் கனமாக இருக்கும், நுண்ணிய விவரம் கூடினால் சுருங்க மறுக்கும். அவற்றுக்கு 65 வரை இறங்கினாலும் கைபேசித் திரையில் வேறுபாடு பிடிபடுவது கடினம். உச்சிப் படத்தைத் தவிர மற்றவற்றுக்கு, திரைக்கு அருகே வரும்போதே படத்தை இறக்கும் ‘லேசி’ ஏற்றம் கொடுங்கள். உச்சிப் படத்துக்கும் கொடுத்தால் முதல் பார்வைதான் தாமதமாகும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் எழுதிவிட்டால் வாசிக்கும்போது பக்கம் துள்ளாது. வீடுகளில் எடுத்த படங்களில் எக்ஸிஃபுக்குள் இருப்பிடமும் பதிந்திருக்கக்கூடும், அதை நீக்கியே ஏற்றுங்கள்.

கேள்வி: 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் இந்த வேலையைத் தொடங்க முடியுமா?
– வாசகி, கிண்ணியா

பதில்: முடியும். முதல் செலவு எஸ்எஸ்டி (வன்தட்டைவிட வேகமான சேமிப்பகம்) ஆக இருக்கட்டும். லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே ஓட்டி வைஃபை, ஒலி இரண்டும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தபின் நிறுவுங்கள். நிரல் எழுத வீஎஸ்கோடியம், லோகோவுக்கு இங்க்ஸ்கேப், படத்துக்கு ஜிம்ப். ரெங்கநாதன் விசைப்பலகைக்குப் பழகியவர் என்றால் தட்டச்சு உள்ளீட்டுத் தொகுப்பான ஐபஸ்–எம்17என் நிறுவினால் அதுவும் உண்டு. ஜிம்ப்பையும் நிறையத் தாவல்கள் திறந்த உலாவியையும் ஒரே நேரத்தில் ஓட்டவேண்டாம்.

கேள்வி: ‘வேர்ட்பிரஸ் சும்மா கிடைப்பதுதானே, உங்களுக்கு ஏன் காசு?’ என்று வாடிக்கையாளர் கேட்கிறார். உரிமப்படி காசு வாங்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: தாராளமாக வாங்கலாம். தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸின் ஜிபிஎல் உரிமம் கட்டணம் வாங்குவதைத் தடுக்கவில்லை. அவர் பணம் தருவது உங்கள் உழைப்புக்கு. ஆனால் ஒப்படைக்கும்போது முழுமையாக ஒப்படையுங்கள். டொமெயின் (தளத்தின் முகவரிப் பெயர்) அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். உங்கள் பெயரில் எடுத்துவைத்துப் பிறகு இழுபறிப்படுவது இரு தரப்புக்கும் கேடு. பேக்கப் என்றால் ‘டபிள்யூபி–கொன்டென்ட்’ கோப்புறையும் தரவுத்தளமும் சேர்த்துத்தான். பலர் கோப்புகளை மட்டும் பிரதி எடுக்கிறார்கள், பக்கங்களின் எழுத்தெல்லாம் தரவுத்தளத்தில் அல்லவா இருக்கிறது? எடுத்த பேக்கப்பை உங்கள் கணினியில் ஒருமுறை மீட்டுப் பாருங்கள். கடவுச்சொற்களுக்கு கீபாஸ்எக்ஸ்சி வையுங்கள். சேர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் ஃபைல்சில்லாவில் மாஸ்டர் கடவுச்சொல் இடாமல் அவற்றைச் சேமித்தால், கணினியைத் தொடும் எவரும் அவற்றை எடுத்துவிடலாம். காசுக்கு விற்கும் தீம்களின் (தள வடிவமைப்புகளின்) ‘நல்ட்’ பிரதிகளை, அதாவது உரிமப் பூட்டு உடைத்த பிரதிகளை, தொடவே வேண்டாம், தீங்குநிரல் உள்ளே வருகிற வழக்கமான வாசல் அதுதான்.

கேள்வி: திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகள் புறப்படும் இடத்தை லீஃப்லெட் வரைபடத்தில் குறித்தேன். குறி வெறும் கடலில் விழுகிறது.
– வாசகர், திருகோணமலை நகர்

பதில்: எண்களை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். தளத்தில் வரைபடம் காட்டும் நிரலான லீஃப்லெட்டுக்கு அகலாங்கு முதலில், நெட்டாங்கு பிறகு. திருகோணமலைக்கு ஏறக்குறைய 8.57, 81.23. இடத்தரவுகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் இது தலைகீழ், நெட்டாங்குதான் முதலில். ஒன்றிலிருந்து மற்றதற்கு அப்படியே பிரதி செய்தால் உங்கள் படகு நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் சமுத்திரத்தில் நிற்கும். வரைபடத்தின் மூலையில், அதன் தரவைத் தரும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பங்களிப்பாளர்களுக்கான நன்றிக்குறிப்பை நீக்காதீர்கள், உரிமம் கேட்பது அதை. படகுத்துறை அந்த வரைபடத்திலேயே இல்லையென்றால், ஒரு கணக்குத் தொடங்கி நீங்களே சேர்த்துவிடலாம்.