தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் படித்துப் பழகியவர் வெளிநாட்டில் முதுகலை படிப்பைச் சமாளிக்க முடியுமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: இளங்கலை முழுக்கத் தேர்வுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து படித்தே நல்ல மதிப்பெண் வாங்கியாயிற்று. இப்போது வெளிநாட்டில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே பழக்கத்தோடு போனால் ஓடுமா, கூடவே பகுதிநேர வேலையும் பார்க்க முடியுமா?

ஓடாது. முதல் ஒரு மாதம் ஓடுவது போலத் தெரியும், அதுதான் சிக்கலே. நான் ஐரோப்பாவில் முதுகலை படித்தேன், பிறகு அங்கேயே டீச்சிங் அசிஸ்டென்டாக அசைன்மென்ட் திருத்தியும் இருக்கிறேன். திணறும் மாணவர்கள் பெரும்பாலும் கெட்டிக்காரர்கள்தான். வகுப்பு நேரம் குறைவாக இருப்பதைப் பார்த்து, படிப்பும் குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் படிப்புச் சுமையை அளக்கும் ஈசிடிஎஸ் என்ற பொது முறையில் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 5 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 125 மணி நேரமாவது ஆகும். வாரத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பு, 14 வாரம் என்று வைத்தால் வகுப்பில் கழிவது 28 மணி நேரம். மீதி சுமார் நூறு மணி நேரம் உங்கள் பொறுப்பு. வந்தீர்களா, படித்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வெளியே குறைந்தது இரண்டு மணி நேர வேலையும் என்பது பொதுவான கணக்கு. 9 கிரெடிட் எடுத்தால் வாரம் 27 மணி நேரம் படிப்புக்கே போய்விடும்.

இந்த நூறு மணி நேரத்தைக் கடைசி வாரத்தில் அடைக்க முடியாது, ஏனென்றால் மதிப்பெண்ணே செமஸ்டர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஒரு கட்டுரைக்கு 20 சதவீதம், பிரசன்டேஷனுக்கு 15, குழு வேலைக்கு 25 என்று போகும். அதனால் முதல் வாரமே எல்லாப் பாடங்களின் சிலபஸையும் எடுத்து, கெடு தேதிகளையும் அவற்றின் சதவீதத்தையும் ஒரே காலண்டரில் எழுதுங்கள். எந்த வாரத்தில் மூன்று கெடு ஒன்றாக வந்து விழுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஐந்து சதவீத வேலைக்கு ராத்திரி முழுக்கக் கண்விழிக்கும் அபத்தமும் குறையும்.

சரி, படிக்கும் விதத்துக்கு வருவோம். இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூடி வைத்து, நினைவிலிருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்களே முன்னணி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ்: திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61.

அந்த ஐந்து நிமிட முடிவுதான் நம்மை ஏமாற்றுகிறது. இரண்டாம் முறை வாசிக்கும்போது எல்லாம் பழகினதாகத் தெரியும், மனம் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிடும். மறுநாள் காலையே தேர்வு என்றால் அது போதும், உங்கள் பழைய முறை ஓடியதும் இதனால்தான். ஆனால் முதுகலையில் இரண்டாம் வாரத்தில் படித்தது பத்தாம் வாரத்து அசைன்மென்டில் தேவைப்படும், அடுத்த செமஸ்டர் ஆய்வறிக்கையிலும் தேவைப்படும். 2013இல் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் இன்னும் நான்கு ஆய்வாளர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். அதில் அதிகப் பலன் என்று தேறியவை இரண்டு: தன்னைத் தானே சோதித்துக்கொள்வது, இடைவெளி விட்டுப் படிப்பது. மஞ்சள் பேனாவால் கோடிடுவதும் திரும்ப வாசிப்பதும் கடைசி வரிசைக்குப் போயின. கலர் கலராகக் கோடு போட்டு வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் ஆசைக்குப் போடுவதுண்டு.

நடைமுறையில் இது இப்படி இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் சொன்ன குறிப்பு முறை எனக்குப் பிடித்தது: தாளின் வலப்பக்கம் அகலமாக வகுப்புக் குறிப்பு, இடப்பக்கக் குறுகிய பத்தியில் அதற்கான கேள்விகள், அடியில் இரண்டு வரிச் சுருக்கம். வகுப்பு முடிந்த அன்றே இடப்பக்கத்தை நிரப்புங்கள். வார இறுதியில் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, கேள்விகளுக்கு வெற்றுத்தாளில் பதில் எழுதுங்கள். தடுமாறும் இடம்தான் அடுத்த வாரம் படிக்க வேண்டிய இடம். மனப்பாடம் தேவைப்படும் பாடம் என்றால் ஆங்கி என்ற கேள்வி-பதில் அட்டைச் செயலி, எதை எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்ற இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும். மற்றபடி செயலிகளை நம்பிப் பெரிய திட்டம் போடாதீர்கள். திட்டம் போடுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஆய்வுக் கட்டுரைகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்க வேண்டியதில்லை. எஸ். கேஷவ் என்ற கணினி அறிவியலாளர் 2007இல் சொன்ன மூன்று சுற்று முறை நன்றாக வேலை செய்கிறது. முதல் சுற்றில் ஐந்து பத்து நிமிடத்தில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை மட்டும். பெரும்பாலான கட்டுரைகளை அதோடு கீழே வைத்துவிடலாம். உண்மையில் தேவைப்படுபவற்றுக்குத்தான் அடுத்த சுற்றுகள்.

அப்புறம், மேற்கோள். கருத்துத் திருட்டு என்று மாட்டுபவர்களில் பலர் திருட நினைத்தவர்கள் இல்லை. குறிப்பெடுக்கும்போது யாரோ எழுதிய வாக்கியத்தை அப்படியே நகலெடுத்து வைத்திருப்பார்கள், மூன்று வாரம் கழித்து அது தன் வாக்கியம் என்று நினைத்துச் சேர்த்துவிடுவார்கள். நகலெடுக்கும் அந்த நிமிடமே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போட்டுவிடுங்கள். படித்த கட்டுரைகளையும் மேற்கோள் விவரங்களையும் சேமித்து வைக்கும் ஸோட்டெரோ மென்பொருள் இலவசம், முதல் கட்டுரையிலிருந்தே அதில் சேமியுங்கள். நீங்கள் கொடுக்கும் கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிடும் டர்னிட்டின் மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்து மட்டும் பயப்படாதீர்கள். அது ஒற்றுமையைத்தான் அளக்கிறது, தீர்ப்பு சொல்வது ஆசிரியர். சென்ற செமஸ்டரில் கொடுத்த உங்கள் சொந்தக் கட்டுரையையே மறுபடி கொடுப்பதும் பல பல்கலைக்கழகங்களில் குற்றம். ஏஐ கருவிகள் விஷயத்தில் பாடத்துக்குப் பாடம் விதி மாறும், சிலபஸில் இல்லையென்றால் ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது என்றதும் ஆபீஸ் அவர்ஸ் நினைவுக்கு வருகிறது. ஆசிரியர் தன் அறையில் மாணவர்களுக்காகவே ஒதுக்கி வைக்கும் நேரம் அது. நம்மில் பலர் 'தொந்தரவு செய்யக் கூடாது' என்று தயங்கிப் போகவே மாட்டோம். நான் உட்கார்ந்திருந்த நேரங்களில் அறை பெரும்பாலும் காலியாகத்தான் இருந்தது. 'ஒன்றுமே புரியவில்லை' என்று வருபவருக்கு உதவுவது கஷ்டம். 'இந்தப் படி வரை வந்துவிட்டேன், அடுத்தது ஏன் இப்படி?' என்று தாளோடு வருபவருக்குப் பத்து நிமிடம் போதும்.

வேலை விஷயம். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை, கனடாவில் வளாகத்துக்கு வெளியே 2024 நவம்பரிலிருந்து 24 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம். இவை மாறக்கூடியவை, போகும் நாட்டின் அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இது உச்சவரம்பு மட்டுமே. மேலே சொன்ன 27 மணி நேரத்தோடு 20ஐக் கூட்டினால் 47. சமையல், துணி துவைப்பது, பயணம் எல்லாம் அதற்கு மேல். செய்ய முடியாதது இல்லை, ஆனால் முதல் செமஸ்டரில் வாரம் பத்து மணி நேரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேலையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சரிந்த சராசரி மதிப்பெண்ணை ஏற்றுவதற்கு முதுகலையில் இருப்பது மூன்று நான்கு செமஸ்டர்தான், உதவித்தொகையும் ஆய்வு வாய்ப்பும் பெரும்பாலும் அந்த முதல் செமஸ்டர் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் வரும்.