தனி வண்டி, கூட்டு வரிசை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வரும் ஜனவரியில் அலுவலக வேலையாகத் துபாய் செல்கிறேன். வேலை முடிந்தபின் ஒரு புதன்கிழமை முழுவதும் எனக்கென்று கிடைக்கிறது. பாலைவன மணல்மேடுகளில் பக்கி வண்டி (மணலில் ஓட்டுவதற்கான, இரும்புக் கூண்டு போட்ட திறந்த வண்டி) ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. உடன் வர யாரும் இல்லை. இணையத்தில் பார்த்தால் ‘பிரைவேட்’ என்றும் ‘ஷேர்டு’ என்றும் இரண்டு வகை இருக்கின்றன. முதலாவதற்கு ஏறத்தாழ இரு மடங்கு கட்டணம். தனியாகப் போகும் பெண் பணத்தைப் பார்க்காமல் பிரைவேட்டில் போவதுதான் பாதுகாப்பு என்று வீட்டில் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஒரே ஒரு ஆளுடன் பாலைவனத்துக்குள் போவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்கூட்டரும் ஆட்டோமேட்டிக் காரும் ஓட்டத் தெரியும். மணலில் எதையும் ஓட்டியதில்லை. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

க., கோவை

அன்புள்ள க.,

உங்கள் சந்தேகம் நியாயமானது. வீட்டாரின் கவலையும் நியாயமானதுதான். ஆனால் இரண்டுமே அந்த விளம்பரச் சொற்களை நம்பி எழுந்தவை. ‘பிரைவேட்’, ‘ஷேர்டு’ என்பவற்றுக்கு எல்லா நிறுவனங்களும் ஒரே பொருள் வைத்திருப்பதில்லை. ஒரு பக்கிப் பயணத்தில் பகிரக்கூடியவை மூன்று: நீங்கள் உட்காரும் வண்டி, உங்களை மணலுக்குள் அழைத்துச் செல்லும் வழிகாட்டியும் அவர் பின்னால் செல்லும் வண்டி வரிசையும், விடுதியிலிருந்து உங்களைக் கூட்டிச் செல்லும் கார். நிறுவனம் இவற்றில் எதைப் பகிர்கிறது, எதைத் தனியாகத் தருகிறது என்று தெரியாதவரை அந்த இரு மடங்குக் கட்டணம் மலிவா அதிகமா என்று சொல்ல முடியாது. முதல்முறை போகிற உங்களுக்கு நான் சொல்வது: வண்டி தனியாக இருக்கட்டும், வரிசை கூட்டாக இருக்கட்டும், கார் எப்படியிருந்தாலும் பரவாயில்லை.

முதலில் வண்டி. அங்கே பெரும்பாலும் வாடகைக்குத் தருபவை போலாரிஸ் ஆர்இசட்ஆர், கேன்-ஆம் மேவரிக் எக்ஸ்3 ஆகிய இரு வகைகள். முன்னதன் ஆயிரம் சிசி வகையில் சுமார் 110 குதிரைத்திறன் இருக்கிறது. பின்னது 900 சிசி டர்போ என்ஜின் கொண்டது, அதைவிட ஆற்றல் மிகுந்தது. சுமார் முக்கால் டன் எடையுள்ள வண்டிக்கு இது நம் ஊர்ச் சிறிய கார்களை எங்கோ பின்னுக்குத் தள்ளிவிடும் வேகம். இருவர் அமரும் வண்டியும் நால்வர் அமரும் வண்டியும் உண்டு. இங்கே தனிப் பயணி கவனிக்க வேண்டியது, வாடகை பெரும்பாலும் ஆளுக்கு அல்ல, வண்டிக்கு என்பதுதான். இருவர் இருக்கை வண்டிக்கு ஒரு மணி நேரத்திற்கு 600 திர்ஹாம் என்று வைத்துக்கொண்டால், தம்பதியாக வருபவர்களுக்குத் தலைக்கு 300, உங்களுக்கு முழு 600. நீங்கள் பார்த்த இரு மடங்கு வேறுபாடு பல இடங்களில் இப்படித்தான் வருகிறது. தனி வழிகாட்டிக்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல் இருக்கலாம்.

எனவே மிகக் குறைந்த விலையில் ‘ஷேர்டு’ என்று ஒன்று தென்பட்டால், அது ஓர் இருக்கைக்கான விலையா என்று கேளுங்கள். அப்படியானால் நால்வர் வண்டியில் அறிமுகமில்லாத மூவரோடு நீங்களும் ஒருவர். ஓட்டுபவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம், அவருக்கும் அன்றுதான் மணலில் முதல் நாளாக இருக்கலாம். பின்னிருக்கையில் தூக்கிப்போடுதலும் அதிகம். ஓட்டும் ஆசையோடு போகிறவர் இதில் காசு போடுவது வீண். ஓட்ட விருப்பமில்லை, அனுபவம் மட்டும் போதும் என்பவர்கள் வழிகாட்டியே ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

இனி வரிசை. இதில்தான் உங்கள் வீட்டாரோடு நான் முரண்படுகிறேன். பாலைவனத்துக்குள் ஒற்றை வண்டியாகப் போகக்கூடாது என்பது அங்கே மணலில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் கடைப்பிடிக்கும் பழைய விதி. ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும். ஒன்று கவிழ்ந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓட இன்னொன்று வேண்டும். சில நிறுவனங்களில் ‘பிரைவேட்’ என்பதன் நடைமுறை என்னவென்றால், வழிகாட்டி உங்கள் பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்; மொத்தப் பயணமும் ஒரே வண்டியில். உங்கள் கடிதத்தில் இருந்த தயக்கம் இதற்கு முழுக்கப் பொருந்தும். அதிகப் பணம் கொடுத்து, மேற்சொன்ன விதியையும் மீறி, முன்பின் தெரியாத ஒருவரோடு ஒற்றை வண்டியில் மேடுகளுக்கு அப்பால் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வழிகாட்டி தமக்கென்று தனி வண்டியில் முன்னே போக, நீங்கள் பின்தொடர்வது இன்னொரு முறை. அது ஏற்கத்தக்கது. என்றாலும் இரண்டு வண்டிகளில் ஒன்று நின்றுவிட்டால் மிஞ்சுவது ஒன்றே.

வண்டி நிற்பது அரிய நிகழ்வு அல்ல. இவ்வகை வண்டிகளில் என்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது ஒரு ரப்பர் பெல்ட். புதைந்த வண்டியில் பதற்றத்தோடு ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் சக்கரம் இன்னும் ஆழமாகக் குழி பறிக்கும், பெல்ட் சூடேறும், ரப்பர் கருகும் வாசனை வரும், பிறகு அறுந்துபோகும். பக்கி ஓட்டும் மணல்மேட்டுப் பகுதிகளில் ஒன்றான அல் பதாயரில் ஒரு மாலை இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வரிசையில் நான்காவதாக வந்த வண்டி முகட்டுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. ஓட்டியவர் மிதித்த மிதியில் பின்சக்கரங்கள் பாதிக்கு மேல் மணலுக்குள் இறங்கிவிட்டன. வழிகாட்டி ஓடிவந்து, பேசாமல் ஒரு கையை மட்டும் உயர்த்தி மிதிப்பதை நிறுத்தச் சொன்னார். பிறகு முழந்தாளிட்டுச் சக்கரத்தின் முன்னும் பின்னும் வெறுங்கையால் மணலை வழித்துவிட்டு, ரிவர்ஸில் போட்டு, வந்த தடத்திலேயே வண்டியைக் கீழே இறக்கினார். மற்றவர்கள் அத்தனை பேரும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கூட்டு வரிசையின் குறையும் இதே காட்சியில் இருக்கிறது. ஒருவர் புதைந்தால் எல்லோருடைய நேரமும் போகிறது. வரிசையின் வேகம் அதில் மிக மெதுவாக ஓட்டுபவரின் வேகம்தான். கடைசியில் வருபவர் முன்னே போகிறவர்கள் கிளப்பும் புழுதி முழுவதையும் தின்றாக வேண்டும். இதற்கு எளிய பரிகாரம் உண்டு. கிளம்புவதற்கு முன் வழிகாட்டியிடம், “எனக்கு இது முதல்முறை, உங்களுக்கு அடுத்த வண்டியாக வருகிறேன்” என்று சொல்லிவிடுங்கள். புதியவரைத் தமக்கு நேர் பின்னால் வைத்துக்கொள்வது நல்ல வழிகாட்டிகளின் வழக்கமும்கூட. உங்களுக்குப் புழுதியும் குறைவு, அவருடைய சக்கரத் தடம் கலையாமல் கண்ணெதிரே கிடப்பதால் எங்கே திரும்புவது என்ற குழப்பமும் இல்லை. ஒரு வழிகாட்டிக்குப் பின்னால் எத்தனை வண்டிகள் என்பதையும் கேளுங்கள். நான்கைந்து என்றால் சரி. பத்து என்று சொன்னால் வேறு நிறுவனம் பாருங்கள்.

உங்களுக்குக் கிடைத்திருப்பது புதன்கிழமை என்பது நல்வாய்ப்பு. 2022 முதல் அமீரகத்தின் வார இறுதி சனி, ஞாயிறு. வெள்ளி பிற்பகலிலிருந்தே விடுமுறை தொடங்கிவிடும், பக்கத்து அமீரகமான ஷார்ஜாவிலோ வெள்ளி முழு விடுமுறை. அந்த நாட்களின் மாலைகளில் ‘பிக் ரெட்’ எனப்படும், சுமார் 100 மீட்டர் உயரமுள்ள செம்மணல் மேட்டைச் சுற்றிச் சொந்த வண்டிக்காரர்களும் வாடகை வண்டிக்காரர்களும் மொய்ப்பார்கள். ஒருவர் ஏறும் முகட்டின் மறுபக்கத்திலிருந்து இன்னொருவர் ஏறி வருவதுதான் அங்குள்ள மிகப்பெரிய ஆபத்து. வார நாள் காலையில் அந்தக் கூட்டம் இருக்காது. கூட்டுப் பயணத்துக்குப் பணம் கட்டியவர், வேறு யாரும் பதிவு செய்யாததால், கூடுதல் செலவில்லாமல் தனிப் பயணமே போய் வருவதும் உண்டு. இதே காரணத்தால் குறைந்தபட்ச எண்ணிக்கை சேரவில்லை என்று கடைசி நேரத்தில் ரத்து செய்யும் நிறுவனங்களும் இருக்கின்றன. “நான் ஒருவர் மட்டும் என்றாலும் நடத்துவீர்களா, அப்போது வழிகாட்டி தனி வண்டியில் வருவாரா” என்ற கேள்வியை எழுத்தில் கேட்டு, வாட்ஸ்அப்பில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாள் கையில் வைத்திருப்பவருக்கு இதுவே முதன்மையான கேள்வி.

கார் விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. துபாயிலிருந்து ஹத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டித்தான் பக்கி ஓட்டும் இடங்களான லஹ்பாபும் அல் பதாயரும் இருக்கின்றன. நகரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். பகிர்வுக் காரில் நாலைந்து விடுதிகளுக்குப் போய் ஆள் ஏற்றுவார்கள், எனவே நேரம் கூடும். உங்களுக்கு முழு நாள் இருப்பதால் அது பெரிய இழப்பல்ல, குடும்பங்களும் அதே காரில் வருவது உங்கள் வீட்டாருக்கு ஆறுதலாகவும் இருக்கும். டாக்சியில் போவதானால், திரும்பி வருவதற்கு அங்கே உடனே டாக்சி கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம்.

பிரைவேட் பயணமே கூடாது என்பதல்ல என் கருத்து. ஒருமுறை ஓட்டிப் பழகி, இரண்டு மூன்று மணி நேரம் உள்ளே போக விரும்புகிறவர்களுக்கும், படம் எடுக்க நினைத்த இடத்தில் நிறுத்த வேண்டியவர்களுக்கும், கூட்டத்தின் முன் தடுமாறுவதை நினைத்தாலே கை நடுங்குகிறவர்களுக்கும் அது கொடுக்கும் பணத்துக்குத் தகும், வழிகாட்டி தனி வண்டியில் வருவார் என்ற நிபந்தனையோடு. முதல்முறை ஓட்டுபவருக்கு ஒரு மணி நேரமே தோளையும் முதுகையும் பிழிந்துவிடும். அரை மணி நேரப் பயணத்தைக்கூட நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். ஆனால் அந்த அரை மணியில் ஹெல்மெட் மாட்டுவதும் விளக்கம் சொல்வதும் அடங்குமா, என்ஜின் கிளம்பியதிலிருந்து கணக்கா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கழுத்து, முதுகுத் தண்டில் ஏதேனும் தொல்லை இருந்தால், எந்த வகையும் வேண்டாம்.

தனியாகப் போகிறவர் பணத்தில் ஏமாறக்கூடிய இடம் கட்டணம் அல்ல, சேதம். வண்டிக்கு ஏதாவது ஆனால் பங்குபோட ஆள் இல்லை. சாட்சிக்கும் ஆள் இல்லை. ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி வந்து, கீறல்கள், உடைந்த பிளாஸ்டிக், டயர் எல்லாவற்றையும் கைபேசியில் வீடியோ எடுங்கள். பணியாளர் அருகில் நிற்கும்போதே எடுங்கள். கையொப்பமிடச் சொல்லும் படிவத்தில் சேதத்துக்கு உச்சவரம்பு இருக்கிறதா, என்ஜின் பெல்ட் அறுந்தால் யார் செலவு என்பதைப் படித்துப் பாருங்கள். டெபாசிட்டாகப் பாஸ்போர்ட்டைக் கேட்டால் கொடுக்காதீர்கள். நகல் போதும் என்று சொல்லும் இடத்துக்குப் போங்கள். சொல்லும் விலையில் 5 சதவீத வாட் வரி சேர்ந்ததா என்பது சிறிய கேள்வி, ஆனால் கேட்க வேண்டியது. உங்கள் பயணக் காப்பீட்டையும் எடுத்துப் பாருங்கள்: சாலைக்கு வெளியே மோட்டார் வண்டி ஓட்டும்போது நேரும் காயங்களைப் பல காப்பீடுகள் விலக்கிவைத்திருக்கும். அலுவலகம் எடுத்துக் கொடுத்த காப்பீடு, வேலைக்குப் புறம்பான நாளுக்குச் செல்லுமா என்பதும் தனிக் கேள்வி.

ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சிறிது சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவருக்கு வண்டி பிடிபட ஐந்து நிமிடம் போதும். மணல் பிடிபடத்தான் நேரமாகும். மேட்டின் காற்றடிக்கும் பக்கம் மெல்லச் சாய்ந்திருக்கும், மறுபக்கம் சுமார் 34 பாகைச் சரிவில் சட்டென்று விழும். எனவே ஏறும்போது மிதித்த அளவை மாற்றாமல் ஏறி, முகட்டை நெருங்கும்போது தளர்த்த வேண்டும். வேகத்தோடு முகட்டைத் தாண்டினால் வண்டி பறந்துபோய் மூக்கால் இறங்கும். சரிவில் குறுக்காக ஓட்டாதீர்கள். வண்டி பக்கவாட்டில் சறுக்கத் தொடங்கினால் ஸ்டீயரிங்கைச் சரிவின் கீழ்நோக்கித் திருப்புங்கள், மேல்நோக்கித் திருப்ப மனம் சொன்னாலும். கவிழ்ந்தே விட்டாலும் கையை வெளியே நீட்டாமல் இருந்தால், நான்கு முனை சீட் பெல்ட்டும் தலைக்கு மேலுள்ள இரும்புக் கூண்டும் பெரும்பாலும் காப்பாற்றிவிடும். ஊன்றிக்கொள்ளலாம் என்று நீட்டிய கைதான் முறிகிறது. நடுநடுவே தனியாக நிற்கும் மரங்களைக் கண்டால் விலகி ஓட்டுங்கள். அவை காஃப் மரங்கள், அமீரகத்தின் தேசிய மரம். நம் ஊர்க் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அது.

நேரம் காலை எட்டு, ஒன்பதாக இருக்கட்டும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது முகடுகளின் நிழல் விழுந்து மேடு பள்ளம் துலக்கமாகத் தெரியும்; உச்சி வெயிலில் எல்லாம் ஒரே பரப்பாகத் தோன்றி, சரிவு எங்கே தொடங்குகிறது என்பதே கண்ணுக்குப் புலப்படாது. ஜனவரிக் காலையில் குளிர் இருக்கும், எனவே முழுக்கை உடையும் மூடிய காலணியும் அணியுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவராயின் அன்று மட்டும் கண்ணாடிக்கு மாறிக்கொண்டு, அதன் மேல் பொருந்தும் காகிள்ஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புறப்படும் நேரத்தையும் நிறுவனத்தின் தொலைபேசி எண்ணையும் விடுதி வரவேற்பிலோ உடன் பணிபுரிபவரிடமோ சொல்லி வையுங்கள். அங்கே ஆம்புலன்ஸுக்கு 998, காவல் துறைக்கு 999.

அன்புடன்.