ஏழு இரவில் பூட்டான்: கொக்கா, பனிச்சிறுத்தையா?

கேள்வி: நவம்பர் இரண்டாம் வாரம் குடும்பத்தோடு பூட்டான் போக நினைக்கிறோம். நான், மனைவி, எட்டு வயது மகள், 68 வயது அப்பா, 63 வயது அம்மா. அப்பாவுக்கு மூட்டு வலி உண்டு. மகளுக்குப் பறவைப் பைத்தியம். ஒரு ஏஜென்சி ஏழு இரவுத் திட்டம் கொடுத்திருக்கிறது: திம்பு, புனாகா, பும்தாங், பாரோ, போகிற வழியில் ஃபோப்ஜிகாவில் அரை நாள். 'புலியும் பனிச்சிறுத்தையும் வாழும் மலைகள் வழியே' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். இதை ஒத்துக்கொள்ளலாமா? கைடு கட்டாயமா? தினசரி வரி ஏதோ உண்டாமே, எவ்வளவு? (வாசகர், திருச்சி)

பதில்: நாடும் மாதமும் சரி. திட்டம்தான் சரியில்லை.

முதலில் அந்த விளம்பர வரியைப் பார்ப்போம். அதில் பொய் இல்லை. 2021–22 கணக்கெடுப்பில் பூட்டானில் 131 புலிகள் இருப்பதாகத் தெரிந்தது. அதற்கடுத்த கணக்கெடுப்பில் பனிச்சிறுத்தைகள் 134. ஆனால் 'வாழும்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள், 'பார்க்கலாம்' என்று எழுதவில்லை, கவனித்தீர்களா? அந்தக் கணக்கெல்லாம் காட்டுக்குள் தானியங்கி கேமராக்களை மாதக்கணக்கில் கட்டிவைத்து எடுத்தவை. பனிச்சிறுத்தை இருப்பது உங்கள் கார் ஏறும் கணவாய்களுக்கும் மேலே, மரங்களே முடிந்துபோகிற உயரத்தில். காட்டு அலுவலர்களே பல வருஷம் வேலை பார்த்தும் படத்தில் மட்டும்தான் பார்த்திருப்பார்கள். அதை நம்பிப் போனால் மகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனால் உங்கள் ஏஜென்சி அரை நாளில் முடிக்கப் பார்க்கிற ஃபோப்ஜிகா இருக்கிறதே, பயணத்தின் நடுமையமே அதுவாக இருக்க வேண்டும்.

சுமார் 2,900 மீட்டர் உயரத்தில் கிண்ணம் மாதிரி ஒரு சதுப்புப் பள்ளத்தாக்கு அது. அக்டோபர் கடைசியிலிருந்து திபெத்தின் மேட்டுநிலத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் அங்கே வந்து இறங்கும். பிப்ரவரி, மார்ச் வாக்கில் திரும்பிப் போகும். கொக்கு என்றதும் நம் வயல் வரப்பில் நிற்கிற வெள்ளைக் கொக்கை நினைக்காதீர்கள். இது வேறு குடும்பம்; வடநாட்டு சாரசக் கொக்கின் உறவு. சாம்பல் உடம்பு, கறுத்த கழுத்து, உச்சியில் சிவப்புப் பொட்டு. நின்றால் உங்கள் மகள் உயரத்துக்கு இருக்கும்.

பள்ளத்தாக்கின் மேட்டில் காங்தே மடாலயம். கொக்குகள் வரும்போதும் போகும்போதும் மடாலயத்தை மூன்று முறை வலம் வரும் என்பது ஊர்க்காரர்கள் நம்பிக்கை. வருஷா வருஷம் நவம்பர் 11 அன்று அந்த மடாலய முற்றத்தில் கொக்குத் திருவிழா நடக்கும். 1998இல் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் கொக்கு வேஷம் கட்டி ஆடுவார்கள். நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் பிறந்தநாளும் அன்றுதான், அரசு விடுமுறை. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. 'செச்சு' எனப்படும் முகமூடி நடன விழாக்கள் சந்திர மாதக் கணக்கில் வருவதால் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். திம்பு செச்சு இலையுதிர் காலத்தில், பாரோ செச்சு வசந்தத்தில். உங்கள் வாரத்தில் இரண்டுமே கிடையாது. கொக்குத் திருவிழாவுக்கோ தேதி மாறாது. விடுதியை இப்போதே பிடித்துவிடலாம், பிடித்தே ஆக வேண்டும். அந்த இரண்டு மூன்று நாள் ஊரே நிரம்பி வழியும்.

அரை நாள் ஏன் போதாது? கொக்குகள் இரவில் ஆழமில்லாத தண்ணீரில் நின்றபடியே தூங்கும். நரி, சிறுத்தை நெருங்கினால் தண்ணீர்ச் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். விடியலில் கூட்டமாகக் கிளம்பி மேயப் போய், அந்தி சாயும் நேரத்தில் குரல் கொடுத்தபடி திரும்பும். பார்க்க வேண்டியது இந்த இரண்டு வேளைதான். நான் முதல்முறை போனபோது புனாகாவில் சாவகாசமாக இட்லி இல்லாத காலை உணவை முடித்துக்கொண்டு நண்பகலில் போய்ச் சேர்ந்தேன். தூரத்தில் சாம்பல் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. கைடு மணியைப் பார்த்தார், கிளம்பிவிட்டோம். இரண்டு இரவு தங்கினால் இரண்டு அந்தியும் இரண்டு விடியலும் கிடைக்கும்.

அங்கே மின்கம்பங்களைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள் மகளை. கொக்குகள் கம்பியில் மோதிவிடக் கூடாதென்று பள்ளத்தாக்குக்கு மின்சாரத்தை மண்ணுக்கடியில் கேபிள் பதித்துக் கொண்டுவந்தார்கள். சதுப்புக்குள் இறங்கக் கூடாது, ட்ரோன் பறக்கவிடக் கூடாது. கொக்கு தகவல் மையத்தில் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். குளிரில் வெளியே நிற்க முடியாத பெரியவர்களுக்கு அது போதும். ராத்திரி உறைநிலைக்குக் கீழே போகும். அறையில் 'புக்காரி' என்கிற விறகடுப்பு உண்டா என்று விடுதியில் முன்கூட்டியே கேளுங்கள்.

பும்தாங்கை எடுத்துவிடுங்கள். நல்ல ஊர்தான், பழைய கோயில்கள் நிறைந்த ஊர். ஆனால் மலைப்பாதையில் போக ஒரு நாள், வர ஒரு நாள். மூட்டு வலிக்காரரை அத்தனை மணி நேரம் காரில் மடக்கி உட்காரவைப்பது பாவம்.

நானாக இருந்தால் இப்படிப் போடுவேன்: 7ஆம் தேதி பாரோவில் இறங்கி திம்புவில் ஓர் இரவு, புனாகாவில் இரண்டு, 10ஆம் தேதி ஃபோப்ஜிகா போய் இரண்டு, கடைசியில் பாரோவில் இரண்டு, 14 அன்று விமானம். உயரத்தைப் பார்த்தும்தான் இந்த வரிசை. திம்பு ஏறத்தாழ 2,300 மீட்டர், புனாகா 1,200தான். அங்கே உடம்பு கொஞ்சம் பழகிய பிறகு ஃபோப்ஜிகா ஏறலாம். அப்பா, அம்மா இருவருக்கும் இரத்த அழுத்தம், இதயம் சம்பந்தமாக ஏதாவது இருந்தால் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

திம்புவில் மோத்திதாங் பகுதியில் டாக்கின் என்ற தேசிய விலங்கை வைத்திருக்கிறார்கள். ஆட்டுத் தலையை மாட்டு உடம்பில் ஒட்டவைத்தது போலிருக்கும். துருக்பா குன்லே என்ற குறும்புக்காரத் துறவி உண்மையிலேயே அப்படி ஒட்டவைத்தார் என்பது கதை. மிருகக்காட்சிசாலை பௌத்த நாட்டுக்கு ஆகாது என்று ஒருமுறை அவற்றைத் திறந்துவிட்டார்கள். அவை காட்டுக்குப் போகாமல் திம்பு வீதிகளில் தீனி தேடித் திரிந்தன. திரும்பப் பிடித்து வேலிக்குள் விட வேண்டியதாயிற்று.

புனாகாவில் ஃபோ ச்சூ, மோ ச்சூ என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் 1637இல் எழும்பிய ஜோங் நிற்கிறது. ஜோங் என்றால் கோட்டை. உள்ளே பாதி மடம், பாதி அரசு அலுவலகம். எல்லோரும் கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் ஆற்றையும் பாருங்கள். உலகத்திலேயே அறுபதுக்கும் குறைவாக எஞ்சியிருக்கும் வெண்வயிற்று நாரைக்கு இந்த ஆற்றுப் படுகை ஒரு புகலிடம். காணக் கிடைக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் பனிச்சிறுத்தை போல் இல்லை, காலையில் ஆற்றோரச் சாலையில் மெதுவாகப் போனால் உண்மையான வாய்ப்பு இருக்கிறது.

வழியில் மந்திக் கூட்டம் தெரிந்தால் 'பொன்னிற மந்தி' என்று யாராவது சொல்லலாம். சங்கோஷ் ஆற்றுக்கு மேற்கே அது கிடையாது. பூட்டானின் ட்ரோங்சா, ஜெம்காங் பக்கமும் அசாமிலும்தான் உண்டு. உங்கள் பாதையில் பார்ப்பது சாம்பல் மந்தியாகத்தான் இருக்கும். காட்டு விலங்குதான் முக்கியம் என்றால் அது தனிப் பயணம்: குவஹாத்தி போய் அசாமின் மானஸ் தேசியப் பூங்காவில் ஜீப் சவாரி. எல்லைக்கு அந்தப் பக்கம் பூட்டானின் ராயல் மானஸ். யானைக்கும் புலிக்கும் இரண்டும் ஒரே காடு.

சரி, கைடு. திம்பு, பாரோ தாண்டினால் இந்தியர்களுக்கும் உரிமம் பெற்ற கைடு கட்டாயம். கட்டாயமில்லாவிட்டாலும் வையுங்கள் என்பேன். நீங்கள் தரும் பணத்தில் உருப்படியான பங்கு அவருக்குப் போவதுதான். ஆனால் மடாலயக் கதை சொல்கிறவரும் பறவை காட்டுகிறவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். 'பறவை தெரிந்த கைடு வேண்டும், ஸ்கோப் கொண்டுவர வேண்டும்' என்று எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கட்டும் முன் அவரோடு ஐந்து நிமிஷம் போனில் பேசுங்கள். போன குளிர்காலத்தில் புனாகாவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆங்கிலம் நன்றாகவே பேசுவார்கள். பள்ளிப் படிப்பே அதில்தான். கோவையில் கல்லூரி படித்த பூட்டானியர்களும் உண்டு, யாராவது தமிழில் நலம் விசாரித்தால் திகைக்காதீர்கள்.

வரியின் பெயர் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். இந்தியர்களுக்கு இப்போது ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய், 6 முதல் 12 வயது வரை பாதி. நான்கு பெரியவர்களுக்கு ஏழு இரவுக்கு 33,600, மகளுக்கு 4,200, ஆக 37,800 ரூபாய். ஏஜென்சி சொன்ன தொகைக்குள் இது அடக்கமா, ஜோங் நுழைவுக் கட்டணங்கள் அடக்கமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மலிவாகத் தெரியும் பேக்கேஜில் இவைதான் வெளியே நிற்கும்.

விசா வேண்டாம், அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதார் செல்லாது, இது தெரியாமல் விமான நிலையத்தில் நிற்கிறவர்கள் உண்டு. மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். சென்னையிலிருந்து கொல்கத்தா அல்லது டெல்லி வழியாக பாரோ. மலைகளுக்கு நடுவே கண்ணால் பார்த்து இறக்க வேண்டிய ஓடுதளம் அது. பகலில் மட்டும்தான் விமானம், வானம் மூடினால் தாமதம். அதனால் திரும்பும்போது அன்றைக்கே சென்னை விமானம் போடாமல் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள், இமயம் அந்தப் பக்கம்தான்.

சாப்பாட்டில் சைவத்துக்குக் குறையில்லை. எமா தட்சி என்பது மிளகாயையே காய்கறியாகப் போட்டுச் சீஸில் வேகவைப்பது, நம் நாக்குக்கே கண்ணீர் வரும். பெரியவர்களுக்கு உருளைக்கிழங்கு போட்ட கேவா தட்சி சொல்லுங்கள்.

கடைசியாக டக்சாங், அந்தப் 'புலிக்கூடு' மடாலயம். பாரோ பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 900 மீட்டர் செங்குத்தாக மேலே. பாதி தூரம் வரை மட்டக்குதிரை கிடைக்கும், ஆனால் ஏறுவதற்கு மட்டும். இறங்குவது நடந்துதான், மூட்டைச் சோதிப்பதும் இறக்கம்தான். பாதி வழியில் ஓர் உணவகம் இருக்கிறது. அங்கிருந்து எதிர்ப் பாறையில் மடாலயம் முழுசாகத் தெரியும். அப்பாவும் அம்மாவும் அங்கேயே டீ சொல்லி உட்காரட்டும். அதற்கு மேல் உள்ள நூற்றுக்கணக்கான படிகளை நீங்கள் மூவரும் பார்த்துக்கொள்ளுங்கள். கைடு உங்களோடு வந்தால் ஓட்டுநர் பெரியவர்களோடு இருக்க வேண்டும். இதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள்.